வாவிக்கரையில் ஒரு வாடி

சித்திரை கழிந்து மேற்குக் கடல் குமுறத் தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் ஒரு பகுதியினர் படகையும் வலையையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்துவிடுவார்கள். கரையில் ஓலையால் வாடி போட்டு ஐந்தாறு மாதம் தொழில் செய்வார்கள். வாடைக்காற்று தலைகாட்டி இந்தப் பக்கத்துக் கடல் கெட்டதும் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இதில் உள்ளூர் மீனவரோடு பூசல் உண்டு, அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. அது வேறு கதை. ஆனால் அந்தப் பயணத்துக்கு அடியில் இருக்கிற கணக்கு பிசகாதது. தீவு ஒன்று, பருவம் இரண்டு. பாசிக்குடா ஹோட்டல்களில் அறை கிடைக்காத மாதங்களில் ஹிக்கடுவையில் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மீன்பிடிப்பவரும் ஹோட்டல் நடத்துபவரும் நெடுங்காலமாகப் போட்டுவரும் இந்தக் கணக்கை, வானத்தை நம்பியே பிழைக்கிற இன்னொரு தொழில் சரிவரப் போட்டுப் பார்க்கவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலைத்தான் சொல்கிறேன்.

இலங்கையின் பறப்புப் பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவை கொழும்புக்குத் தெற்கே, இரத்மலானையில் இருக்கின்றன. விமானி ஆகும் ஆசை களுவாஞ்சிக்குடியில் முளைத்தாலும் காத்தான்குடியில் முளைத்தாலும் கொக்கட்டிச்சோலையில் முளைத்தாலும், அதற்குத் தண்ணீர் ஊற்ற முன்னூறு கிலோமீற்றர் தாண்டிப் போயாக வேண்டும். இத்தனைக்கும் மட்டக்களப்பில் ஓடுபாதை இல்லாமலில்லை. நகரத்துக்கு மேற்கே, திமிலைதீவுப் பக்கம், வாவி வளைத்துப் பிடித்த நிலத்தில், ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் தார் போட்டுக் கிடக்கிறது. 1958இல் திறக்கப்பட்டு எயார் சிலோனின் உள்நாட்டு விமானங்களைக் கண்ட இடம் அது. 1983இல் விமானப்படையின் கைக்குப் போனது. 2016 ஜூலையில் புதுப்பித்துப் பொதுமக்கள் சேவைக்கு மீண்டும் திறந்தார்கள். 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்று பெயரும் சூட்டினார்கள். பெயர் வந்தது, பயணிகள் வரவில்லை. வந்திறங்கியவை பெரும்பாலும் பத்துப் பேர்கூட ஏறாத ஒற்றை எஞ்சின் விமானங்கள். கொழும்புக்குப் போகிறவருக்கு இரவு ரயில் இருக்கிறது. ஏறிக் கண்ணயர்ந்தால் விடியக் கோட்டையில் இறங்கலாம். அந்த டிக்கெட்டின் விலையோடு எந்த விமானமும் போட்டி போட முடியாது. மத்தளையில் 3,500 மீற்றர் ஓடுபாதையோடு 2013இல் ஒரு விமான நிலையத்தைத் திறந்துவைத்துப் பயணிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கதை நாட்டுக்கே தெரியும்.

இந்த ஓடுபாதையைப் பற்றிய பேச்செல்லாம் பயணியைப் பற்றியே நடக்கிறது என்பதுதான் என் குறை. சென்னைக்கு விமானம் எப்போது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் நேரே வந்திறங்குவது எப்போது என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் பயணிக்கு ஓடுபாதை ஒரு பயணத்தில் ஒரு தடவைதான் தேவை. விமானம் ஓட்டப் பழகுகிறவருக்கோ ஒரு மணி நேரத்தில் எட்டுத் தடவை, பத்துத் தடவை தேவை. எழும்பி, ஆயிரம் அடி உயர்ந்து, நாற்கோணமாக ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, சக்கரம் தார் தொட்டதும் நிற்காமல் மறுபடி எழும்ப வேண்டும். இதைச் சலிக்கச் சலிக்கச் செய்வதுதான் பயிற்சியின் முதற்பாதி. ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு விமானம், பின்னால் ஒரு விமானம், நடுவில் ஹெலிகொப்டர் ஒன்று என்றால் ஆறு நிமிடம் பன்னிரண்டாகும். எஞ்சின் ஓடிய மணிக்கான காசு மட்டும் குறையாது. சர்வதேச விமான நிலையமாக மட்டக்களப்புக்கு இருக்கும் பெருங்குறை, அங்கே ஆகாயம் வெறுமையாகக் கிடப்பது. வகுப்பறையாகப் பார்த்தால் அதுவே அதன் பெரிய சொத்து.

விதி என்ன கேட்கிறது? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவையே இலங்கையின் சிவில் விமான சேவைகள் அதிகார சபையும் தழுவி நிற்கிறது. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 17 நிறைய வேண்டும். குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. அங்கீகரித்த பாடநெறியில் படித்தால் 35. அதில் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாத தனிப்பறப்பு 10 மணி. இதற்குமேல் விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், எஞ்சின், மனித உடலின் வரம்புகள், வானொலித் தொடர்பு என்று ஒன்பது பாடம். இந்த 40 என்பது அடிமட்டம்தான். அமெரிக்கச் சட்டமும் 40 மணியே கேட்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலானோருக்கு அறுபது, எழுபது மணி ஆகிவிடுகிறது. காரணம் மந்தபுத்தி அன்று, இடைவெளி. இரண்டு வாரம் பறக்காதவன் கை, மூன்றாம் வாரத்தின் முதல் ஒரு மணியை மறந்ததை மீட்கவே செலவழிக்கிறது. அந்த ஒரு மணிக்கும் பில் உண்டு.

பருவக் கணக்கு இங்கேதான் உள்ளே வருகிறது. தொடக்கநிலை மாணவர் கண்ணால் பார்த்தே பறக்க வேண்டும். மேகத்துக்குள் நுழையக் கூடாது, தெளிவில்லாத வானில் எழும்பக் கூடாது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மேற்குக் கரையைத்தான் நனைக்கிறது. காலையில் வானம் பார்த்து, பத்து மணிக்கு மழை பார்த்து, பிற்பகல் வீட்டுக்குப் போகிற நாட்கள் இரத்மலானையில் அந்த மாதங்களில் மலிந்து கிடக்கும். அதே மாதங்களில் மட்டக்களப்பில் வானம் உலர்ந்து கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் நிலைமை தலைகீழ்: வாவி கரை தாண்டும், இங்கே பறப்பு நினைக்கவே முடியாது. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை மட்டக்களப்பார் இன்றும் ஆண்டுக்கணக்கு வைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அந்தப் பருவத்தின் குணம் விளங்கும். ஆகவே, மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் ஒரு பறப்புப் பள்ளி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாடி ஒன்று போடட்டும். வைகாசியில் இரண்டு பயிற்சி விமானம், இரண்டு பயிற்றுநர், ஒரு பொறியியலாளர் கிழக்கே வரட்டும், ஐப்பசியில் திரும்பட்டும். ஒரு விமானம் நாளுக்கு நான்கு மணி, வாரத்துக்கு ஐந்து நாள், இருபது வாரம் பறந்தால் 400 மணி. ஆளுக்கு ஐம்பது மணி என்று வைத்தால் எட்டு மாணவர். இரண்டு விமானத்துக்குப் பதினாறு. சின்ன எண்ணிக்கைதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் தொகையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஆனால் இன்றைக்கு இருக்கும் எண்ணிக்கையைவிடப் பெரிது.

வழிகாணல் பாடம் இன்னும் வசதியாக அமைகிறது. அனுமதிப்பத்திரத்துக்குமுன் மாணவர் தனியாக ஒரு நெடும்பறப்புச் செய்ய வேண்டும்: குறைந்தது 270 கிலோமீற்றர், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் முழுமையாக இறங்கி நிற்க வேண்டும். வரைபடத்தை விரித்து அளந்து பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைச் சீனக்குடாவுக்கு ஏறத்தாழ 107 கிலோமீற்றர். அங்கிருந்து அம்பாறை விமானத் தளத்துக்கு 142. அம்பாறையிலிருந்து மட்டக்களப்புக்கு 41. கூட்டினால் 290. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு முக்கோணம். வழியெல்லாம் அடையாளமும் உண்டு: இடப்பக்கம் மலைத்தொடரின் நிழல், வலப்பக்கம் கடல், நடுவில் வாழைச்சேனை உப்பாறும் வெருகல் ஆற்றின் வாயும். அம்பாறைக்கு இறங்கும்போது சேனாநாயக்க சமுத்திரம் கண்ணில் படாமல் போகாது. வழி தவறுகிறவருக்கும் கிழக்கே திரும்பினால் கரை கிடைத்துவிடும். இந்தக் கரை விமானி பழக ஏற்ற இடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விமானப்படை தன் விமானிகளைப் பழக்கும் இடமே சீனக்குடாதான்.

ஓடுபாதையின் இரண்டு முனையிலும் வெள்ளை எழுத்தில் இரண்டு எண் இருக்கும்: 06, 24. திசைகாட்டியின் 60 பாகை, 240 பாகை என்று பொருள். மட்டக்களப்பு மீனவர் மொழியில் சொன்னால் ஒரு முனை வாடையைப் பார்க்கிறது, மறுமுனை கச்சானைப் பார்க்கிறது. விமானம் காற்றை எதிர்த்தே எழும்பவும் இறங்கவும் வேண்டும் என்பதால், ஆண்டின் இரண்டு பெருங்காற்றுக்கும் முகம் கொடுத்துத்தான் இந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். கோடையில் மலையிலிருந்து இறங்கிச் சூடாக வீசும் கச்சானுக்கு 24ஆம் முனை. பத்து மணிக்குமேல் கடலிலிருந்து ஏறிவரும் காற்றுக்கு 06. அந்தக் கடற்காற்று நேர் கிழக்கிலிருந்து 15 நொட் வேகத்தில் வந்தாலும், பாதைக்கு 30 பாகைதான் விலகல். பாதி, அதாவது ஏழரை நொட், மட்டுமே குறுக்காக அடிக்கும். பயிற்சி விமானமான செஸ்னா 152 தாங்கிக் காட்டியதாக அதன் கையேடு சொல்லும் குறுக்குக் காற்று 12 நொட். பாடப்புத்தகத்தில் இங்கிலாந்துக் காற்றைப் படித்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இங்கே வாசலிலேயே வானிலைப் பாடம் நடக்கிறது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று நாலு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் சமூகத்திலிருந்து வரும் மாணவருக்கு வானிலை ஒன்பதில் ஒரு பாடமாக மட்டும் இருக்காது.

வாவி தரும் பாடமும் கொடுக்கும் தொல்லையும் சேர்ந்தே வரும். அதிகாலை ஆறு மணிக்கு மாணவர் செய்யும் முதல் வேலை எழும்புவதன்று. இறக்கையின் அடியிலிருக்கும் சிறு குமிழைக் கண்ணாடிக் குவளையால் அழுத்தி எரிபொருளில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. அவ்காஸ் என்னும் அந்த எரிபொருள் இளநீலமாக இருக்கும். அடியில் நிறமில்லாமல் ஒரு முத்துப் போலத் திரண்டிருந்தால் அது தண்ணீர். பாதி வெறுமையான தாங்கி, வாவிக்காற்றின் ஈரத்தில் இரவு முழுவதும் நின்றால், விடியும்போது அந்த முத்து இருக்கும். எஞ்சினுக்குள் போனால் எழும்பிய நிமிடத்திலேயே இருமும். அடுத்தது இறக்கம். காற்றில்லாத காலையில் வாவி கண்ணாடியாகக் கிடக்கும். மேலே நீலம், கீழேயும் நீலம். மரமும் கூரையும் இல்லாத பரப்பின்மேல் வரும்போது, உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகக் கண் சொல்லும். அதை நம்பினவர் தாழப் பறந்து, பாதை தொடங்குமுன்பே தரைக்கு வந்துவிடுவார். கண்ணை நம்பாமல் உயரமானியையும் ஓடுபாதையின் வடிவத்தையும் நம்பப் பழகுவதுதான் அந்தக் காலைப் பாடம். நீர்ப்பரப்பை விட்டு விலகிய உள்நிலக் களங்களில் பழகியவர்கள் பலருக்கு இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் எச்சரிக்கை.

பயணி வருமுன் மாணவர் வருவது புதுமையுமல்ல. இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானம் 1935 நவம்பர் 27இல் சென்னையிலிருந்து வந்த ஒரு புஸ் மொத். ஓட்டி வந்த டின்டேல்-பிஸ்கோ மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர். தபால் விமானம் வந்தது 1938இல். எயார் சிலோனின் டகோட்டா காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது 1947 டிசெம்பரில். ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பெப்ரவரியில் ஒரு கிளப்பில் அனுமதிப்பத்திரம் எடுத்தார்; மூன்றரை ஆண்டு கழித்து அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிய தபால் விமானத்திலிருந்துதான் எயார் இந்தியா முளைத்தது. இடம் மாற்றிப் பழக்குவதற்கும் முன்னுதாரணம் உண்டு. இந்தியாவின் அரசுப் பறப்பு அகாடமி, குளிர்காலப் பனிமூட்டத்துக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்ச்சில் இருக்கிறது. பறப்பு மணிகளைக் கூட்ட அது மகாராஷ்டிரத்தின் கோந்தியாவிலும் கர்நாடகத்தின் கலபுரகியிலும் விமானங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. 2021 முதல் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் பயணிகள் குறைந்த நிலையங்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்குகிறது. சேலமும் அந்தப் பட்டியலில் ஏறியது.

மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு பணம். வலையிறவுப் பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில், மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகப் பாதை கேட்கும் ஊர்கள் இருக்கும்போது விமானப் பயிற்சி ஒரு கேடா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பறப்புப் பயிற்சி ஏழைக்கானதென்று யாரும் பொய் சொல்ல வேண்டாம்: எரிபொருள், உதிரிப்பாகம், காப்புறுதி எல்லாம் டொலரில், 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டபோது ஒவ்வொரு பறப்பு மணியும் அந்த வேகத்தில் ஏறியது. மேலும் தனியார் அனுமதிப்பத்திரம் சம்பளம் தராது. கூலிக்குப் பறக்க வணிக அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு 200 மணி, அங்கீகரித்த பாடநெறியில் 150. இவ்வளவையும் ஒப்புக்கொண்டு சொல்கிறேன்: அரசிடம் நான் கேட்பது புதுக் கட்டடமன்று. பாதை போட்டாயிற்று, கோபுரம் இருக்கிறது, தீயணைப்பு வண்டிக்கும் ஆட்களுக்கும் விமானம் வந்தாலும் வராவிட்டாலும் செலவு ஓடுகிறது. கேட்பது இறங்கு கட்டணத்தில் சலுகையும் ஒரு கொட்டகைக்கு இடமும். மாணவரின் பக்கம் பார்த்தால், கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் போக்குவரத்தும் மழையால் வீணாகும் நாட்களும் எந்தப் பள்ளியின் கட்டணப் பட்டியலிலும் எழுதாத செலவு. இரத்மலானைக்கு அடுத்த தெருப் பிள்ளை அதைக் கட்டுவதில்லை. ஏறாவூர்ப் பிள்ளை கட்டுகிறது. பணக்காரர் விளையாட்டு என்பது உண்மையானால், தூரம் அதை இன்னும் பணக்காரர் விளையாட்டாக்குகிறது.

இரண்டாவது மறுப்பு மொழி. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை ஆங்கில வானொலியில் என்ன செய்யும் என்பது பெற்றோர் வாயிலிருந்தே வரும் பயம். 1977 மார்ச்சில் தெனெரிஃபேயில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததில், வானொலியில் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாக விளங்கிக்கொண்டதற்கும் பங்குண்டு. எனவே மொழியில் சலுகை கேட்பது மடமை. ஆனால் விதி கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஆறு மட்டங்களில் நான்காவது போதும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டு விளங்கல், பதிலுரைத்தல் என்று ஆறையும் தனித்தனியே அளந்து, ஆகக் குறைந்ததையே மட்டமாக எழுதுவார்கள். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், விளங்குவதைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்டு, திருப்பிச் சொல்லி, விளங்காவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி கேட்கிற பழக்கம் அது. வெட்கம்தான் எங்கள் பிள்ளைகளின் உண்மையான தடை, இலக்கணமன்று. இறக்கை ஏன் தூக்குகிறது என்பதைத் தமிழில் விளங்கப்படுத்திவிட்டு வானொலியை முதல்நாளிலிருந்து ஆங்கிலத்தில் பழக்கும் பயிற்றுநர் ஒருவர் கிழக்கில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதைப் பலரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்கு வானத்துச் சத்தம் என்றால் ‘ஹெலி’, ‘பொம்பர்’. சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளோ மரத்தடிக்கோ ஓடிய காலம் அது. அந்த ஓடுபாதையில் விமானப்படை இன்றும் இருக்கிறது. சீனக்குடாவும் அம்பாறையும் அவர்கள் தளங்களே. அனுமதி, பாதுகாப்புச் சோதனை, அடையாள அட்டை என்று ஒவ்வொரு படியிலும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கப்படுமோ என்ற ஐயம் கற்பனையன்று. இரத்மலானையிலும் விமானப்படைத் தளமும் சிவில் பள்ளிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துதான் நடக்கின்றன என்று சுட்டலாம். அது நடைமுறைக்குப் பதில், நினைவுக்குப் பதிலாகாது. நினைவுக்கு என் பதில் வேறு. வானத்துச் சத்தத்துக்கு அஞ்சிய வீட்டிலிருந்து ஒருவர் அந்தச் சத்தத்தை உண்டாக்கும் இடத்தில் உட்காராதவரை, வானம் அடுத்தவருடையதாகவே இருக்கும். அனுமதிகளுக்கு எழுத்தில் நாட்கணக்கு வைத்து, அதிகார சபையே பொறுப்பேற்றுப் பெற்றுத் தரட்டும்.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை: பறவை. வாவியில் நீர்க்காகமும் கொக்கும் பருந்தும் கூழைக்கடாவும் உண்டு. நாலைந்து கிலோ எடையுள்ள கூழைக்கடா ஒன்று, மணிக்கு 110 கிலோமீற்றரில் இறங்கிவரும் சிறு விமானத்தின் கண்ணாடியில் மோதினால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் நின்றுபோவது அவ்வளவு பயமில்லை. செஸ்னா ஒரு பங்கு உயரத்துக்கு ஒன்பது பங்கு தூரம் மிதக்கும், ஆயிரம் அடியிலிருந்து 2.7 கிலோமீற்றர், சுற்றை இறுக்கமாக வைத்தால் பாதையை எட்டிவிடலாம். பறவைக்கு அப்படிச் சூத்திரம் கிடையாது. அவை கூட்டமாகக் கிளம்பும் விடியலையும் அடையும் அந்தியையும் விட்டுவிட்டுப் பறக்கலாம். ஓடுபாதை ஓரத்தில் மீன்கழிவு கொட்டுவதைத் தடுக்கலாம். வாடி போடுமுன் ஒரு முழு ஆண்டு, எந்த மாதம், எந்த மணி, எந்த உயரம் என்று இரண்டு முனையிலும் பறவைகளை எண்ணியாக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் மாணவர்களுக்கு அது நல்ல வேலை. வாவியில் வலை போடுகிறவர்களைக் கேட்டால் பாதி விடை அதற்குமுன்பே கிடைத்துவிடும். அவர்களிடம் எப்படியும் போக வேண்டியிருக்கிறது, தலைக்குமேல் நாள்முழுதும் சுற்றப்போகும் சத்தத்துக்குச் சம்மதம் கேட்க.

எண்ணிக்கை சரிவந்து, அனுமதி கிடைத்து, முதல் வாடி போட்டார்கள் என்று வையுங்கள். புரட்டாதிக் கடைசியில் இரண்டு மூன்று பேருக்கு அந்த முக்கோணம் மட்டும் மிச்சமிருக்கும். காலை ஏழரைக்கு 24ஆம் முனையிலிருந்து எழும்பினால் மணிக்கு 165 கிலோமீற்றர் வேகத்தில் மொத்தப் பறப்பு ஒன்றேமுக்கால் மணி. சீனக்குடாவில் அரைமணி, அம்பாறையில் அரைமணி. கடற்காற்று பலக்குமுன், பத்தரைக்குள், வாவியைத் தாண்டி வந்து இறங்கிவிடலாம். அடுத்த கிழமை வானம் கறுக்கத் தொடங்கும். விமானங்களை மேற்கே கொண்டுபோக வேண்டும்.